அந்தச் சத்தம் நிக்கட்டும்

ஜனவரி 11, ஞாயிறு

பொங்கலுக்கு வீட்டை ஒழுங்கு செய்கிறேன் என்று என் மனைவி ஆவுடை காலையிலேயே துடைப்பத்தோடு இறங்கிவிட்டாள். நான் வீட்டுக்குள் இருந்தால் பரணில் ஏறச் சொல்வாள். தப்பிப்பதற்காகக் காரைக் கழுவப் போனேன். முப்பது வருஷக் கார். வெளியே கழுவுவது பத்து நிமிட வேலை, உள்ளேதான் பிராணன் போகும். சீட்டுக்கு அடியில் மூன்று கடலைமிட்டாய்த் தாள், ஒற்றைச் செருப்பு, அறுந்த மைக் வயர். பின் சீட்டுக்கு மேலே, டாப்பில் இருக்கும் மூடிக்கும் அதன் சட்டத்துக்கும் இடையில் ஒரு பால் கவரை மடித்துச் செருகியிருந்தது. எந்தப் புண்ணியவான் வேலையோ. இழுத்தால் வரவில்லை. ஸ்க்ரூ டிரைவர் விட்டு நெம்பி எடுத்தேன். குப்பைத்தொட்டி வரை யார் நடப்பது? டூல்ஸ் டப்பாவில் போட்டு மூடிவிட்டேன்.

இந்த வருஷம் டைரியை ஜனவரியோடு நிறுத்துவதில்லை என்று தீர்மானம்.

ஜனவரி 12, திங்கள்

கார் லொடலொடக்கிறது.

கல்யாண மண்டபத்தில் ஸ்பீக்கர் இறக்கிவிட்டுத் திரும்பும்போது கவனித்தேன். வேகம் முப்பதைத் தாண்டினால் பிடரிக்கு மேலே தகரம் அடிக்கிறது. நாற்பதில் ஒரு மாதிரி, ஐம்பதில் வேறு மாதிரி. நான் காதை வைத்துப் பிழைக்கிறவன். லிங்கம் சவுண்ட் சர்வீஸ் என்றால் இந்தப் பேரூராட்சியில் தெரியாதவர் கிடையாது. ஆம்ப்ளிஃபயரில் ஈ முனகுகிற மாதிரி ஒரு சத்தம் வந்தாலும் எந்த வயர் என்று சொல்லிவிடுவேன். என் காரிலேயே எனக்கு இப்படி ஒரு இம்சை.

டாப்பில் மூடி வந்த கதையை எழுதி வைக்கிறேன். ஐந்து வருஷத்துக்கு முன்னால் எங்கள் ஐந்தாவது வார்டைப் பெண்களுக்கு ஒதுக்கிவிட்டார்கள். நான் நிற்க முடியாது என்பதால் ஆவுடையை நிறுத்தினேன். வேட்பாளர் தெருத்தெருவாக நின்று கும்பிட வேண்டாமா? டிங்கர் வேலை பார்க்கிற உச்சிமாகாளியிடம் காரைக் கொண்டுபோய், பின் சீட்டுக்கு நேர்மேலே இரண்டடிக்கு இரண்டடி டாப்பை வெட்டச் சொன்னேன். அவள் அந்த ஓட்டையில் எழுந்து நிற்பாள். நான் அவள் காலடியில் சீட்டில் உட்கார்ந்து மைக்கில் பேசுவேன். எப்போது கும்பிட வேண்டும், எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்றெல்லாம் அவளுக்குத் தெரியாது. கீழேயிருந்து சேலையைப் பிடித்து இழுத்துச் சைகை கொடுப்பேன். ஒன்பது நாள் தொண்டை கிழியப் பேசினேன். ஏழு ஓட்டில் தோற்றோம்.

அதன்பிறகு அந்த ஓட்டைக்கு மாகாளி தகரத்தில் ஒரு மூடி செய்து நாலு போல்ட் போட்டு முடுக்கினான். ஐந்து வருஷம் வாயைத் திறக்காத மூடி. நேற்றுக் கழுவினேன், இன்று ஆடுகிறது. நல்லது செய்தாலே இப்படித்தான்.

ஜனவரி 16, வெள்ளி

மாட்டுப் பொங்கல். மாடு இல்லாத வீட்டில் காருக்குத்தான் சந்தனமும் மாலையும். மாலையோடு ஆவுடையின் அக்கா வீட்டுக்குப் போனோம், இருபது கிலோமீட்டர். வழி முழுக்க லொடலொட. மாலையில் இருந்த செவ்வந்தி கூட அந்த அதிர்வில் உதிர்ந்திருக்கும்.

திரும்பும்போதுதான் பேச்சை எடுத்தேன்.

"இந்தத் தடவையும் நம்ம வார்டு பொம்பளையளுக்குத்தானாம்."

"ஜெபமணி சொன்னா." ஜெபமணி அவளைப் பார்க்க அடிக்கடி வந்து போகிறவள்.

"எலெக்‌ஷன் எப்ப வேணாலும் அறிவிச்சிருவாங்க. என்ன சொல்லுத? நிக்கியா?"

டாப்புதான் பதில் சொல்லிக்கொண்டு வந்தது. நான் போன முறை எங்கே கோட்டை விட்டோம், இந்த முறை எந்தத் தெருவில் எத்தனை குழாய் ஸ்பீக்கர் கட்டுவது, என்ன பேசுவது என்று பாதி வழி விளக்கினேன். ரயில்வே கேட்டில் நிறுத்தியபோது சொன்னாள்.

"மொதல்ல அந்தச் சத்தம் நிக்கட்டும். பெறவு நான் நிக்கேனா இல்லையான்னு சொல்லுதேன்."

நியாயம்தானே. லொடலொடக்கிற காரில் எந்த வேட்பாளர் ஏறி நிற்பாள்? டாப்பு சரியானால் சம்மதம் என்று அர்த்தம். ஒரு நாள் வேலை.

இதையும் எழுதிவிடுகிறேன். தோற்றதிலிருந்து அவள் என்னிடம் அளந்துதான் பேசுகிறாள். சண்டை இல்லை, கோபம் இல்லை. சாப்பாடு நேரத்துக்கு வருகிறது. ஆனால் முன்பு மாதிரி என் வாயைப் பிடுங்கிக் கேலி பண்ணுவது நின்றுபோயிற்று. அந்த ஏழு ஓட்டுதான் காரணம். அவளை ஜெயிக்க வைத்துவிட்டால் எல்லாம் பழையபடி ஆகிவிடும். எனக்கு அவள் பழையபடி வேண்டும், அவ்வளவுதான்.

ஜனவரி 19, திங்கள்

மாகாளி பட்டறை. அவனைப் பின்னால் உட்காரவைத்து ஓட்டிக் காட்டினேன். அண்ணாந்து பார்த்தபடியே வந்தான்.

"ரப்பர் செத்துப் போச்சு அண்ணாச்சி. பீடிங்க மாத்திட்டா கம்முனு கெடக்கும்."

நாலு போல்ட்டையும் கழற்றி, காய்ந்து முறுக்காகிப் போன ரப்பரைச் சுரண்டி எடுத்து, புது பீடிங் சுற்றி ஒட்டினான். மதியம் ஆகிவிட்டது. கையால் தட்டிப் பார்த்தேன், தொம் என்று கனமாக ஒலித்தது. இதுதான் சத்தம். மாகாளியின் முதுகில் தட்டிக்கொடுத்துவிட்டு வந்தேன்.

ஜனவரி 20, செவ்வாய்

சத்தம் நிற்கவில்லை.

ஜனவரி 22, வியாழன்

போல்ட்டுக்கு அடியில் இரண்டிரண்டு வாஷர். மூடிக்கும் உள் ரெக்ஸினுக்கும் நடுவே செருப்புக் கடையில் வாங்கிய ஸ்பாஞ்ச். முப்பதில் வந்துகொண்டிருந்த சத்தம் இப்போது இருபதிலேயே வருகிறது. முன்னேற்றம்!

சாயங்காலம் ஜெபமணி வந்திருந்தாள். ஆவுடையிடம் ஸ்கூட்டர் ஓட்டக் கற்றுக்கொண்டவள். பள்ளிக்கூட மைதானத்தில் தினம் காலை ஆறு மணிக்கு என் மனைவி பெண்களுக்கு ஸ்கூட்டர் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறாள். பத்து வருஷமாக. சமையல் வேலைக்குப் போகிறவள், பீடி ஏஜெண்ட் வீட்டு மருமகள், ஹெட்மிஸ்ட்ரஸ் என்று இருநூறு பேராவது இருப்பார்கள். ஊர் அவளை வண்டி டீச்சர் என்றுதான் கூப்பிடும். எனக்கு அந்தப் பெயரே பிடிக்காது. வண்டியாம். என்னவோ பாரம் இழுக்கிறவள் மாதிரி.

நான் டாப்புக்குள் தலையை விட்டிருக்கும்போது ஜெபமணி சொல்கிறாள்:

"அண்ணாச்சி, இந்தத் தடவையாவது டீச்சர் பேர ஒழுங்கா போடுங்க. போன தடவ மிஷின்ல வண்டி டீச்சர்னு தேடு தேடுன்னு தேடுனேன். யாரோ ஆவுடைநாயகி, கணவர் குற்றாலிங்கம்னு இருந்துச்சு. அது யாரோ எவரோன்னு நெனச்சுட்டேன்."

"சின்னம் தெரியாதாக்கும்? ஒம்பது நாளு பெட்டி பெட்டின்னு கத்துனேனே."

"பெட்டின்னுதான் போனேன். ஒண்ணு பெட்டி, ஒண்ணு கைப்பை. ரெண்டும் ஒரே மாதிரி. பேரப் பாத்து அமுக்கலாம்னா பேரும் இல்ல."

தலையை எடுக்கும்போது சட்டத்தில் இடித்துக்கொண்டேன். ஆவுடை ஜெபமணிக்குக் காப்பி ஆற்றிக்கொண்டிருந்தாள். பட்டப்பெயர் எல்லாம் போடக் கூடாது என்பது விதி என்று அப்போதே ஆவுடையிடம் சொல்லியிருக்கிறேன். அதற்கு நான் என்ன செய்ய முடியும்?

நெற்றியில் நெல்லிக்காய் அளவு வீக்கம்.

ஜனவரி 25, ஞாயிறு

மாகாளியை நம்பிப் பயனில்லை என்று நானே இறங்கினேன். எம்சீல் எட்டுப் பாக்கெட். இரண்டு உருண்டையையும் கலந்து பிசைந்து பிசைந்து கட்டைவிரல் வீங்கிவிட்டது. மூடியைச் சுற்றி இடைவெளி தெரியாமல் அப்பினேன். ஆவுடை வாசலில் நின்று பார்த்தாள்.

"மூடிக்கிட்டே போறீங்க."

"வேற எப்பிடி சத்தம் நிக்கும்?"

உள்ளே போய்விட்டாள். காய்வதற்கு ஒரு நாள் என்று பாக்கெட்டில் போட்டிருக்கிறது. எனக்குப் பொறுமை இல்லை, நாலு மணிக்கே ஓட்டிப் பார்த்தேன். மூன்று பக்கம் கல் மாதிரி பிடித்திருக்கிறது. நாலாவது பக்கம், பின்பக்கம், எம்சீலையும் சேர்த்து ஆட்டுகிறது. முன்பு லொடலொட. இப்போது கிடுகிடு. காரைத் தெருவிலேயே விட்டுவிட்டு நடந்து வந்துவிடலாம் என்று இருந்தது. நடந்தும் வந்தேன். பிறகு சாவியை விட்டுவிட்டேன் என்று திரும்பப் போனேன்.

ஜனவரி 27, செவ்வாய்

தேர்தல் அறிவித்துவிட்டார்கள். வேட்புமனுவுக்குக் கடைசி நாள் பிப்ரவரி நாலு, புதன்.

ஆவுடையிடம் செய்தித்தாளைக் காட்டினேன். படித்தாள். மடித்தாள். "சத்தம்?" என்றாள். ஒரே வார்த்தை. எனக்கு வந்த கோபத்தில் செய்தித்தாளை மறுபடி பிரித்து ராசிபலன் படித்தேன். பொறுமை தேவைப்படும் நாளாம்.

ஜனவரி 28, புதன்

மாகாளி மச்சினன் வீட்டு விசேஷத்துக்குப் போய்விட்டான். பட்டறை பூட்டு.

ஜனவரி 30, வெள்ளி

மாகாளி வந்துவிட்டான். வெல்டிங் வைத்துவிடு, ஒரேயடியாக மூடிவிடு என்றேன். என் எம்சீலைப் பார்த்ததும் சிரித்தான். கொத்தனாரைக் கூப்பிட்டிருக்கலாமே என்றான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

உளி வைத்துக் கொத்தி எடுத்தபின் டார்ச் அடித்துப் பார்த்தான். சட்டத்தின் பின்பக்கம் விரலால் தடவினான்.

"அண்ணாச்சி, இங்க தகரம் ஒரு நூல் தணிஞ்சிருக்கு. ஆதியிலேயே நான் வெட்டுனதுல வந்த கோணல். இத்தன வருசம் சத்தம் வராம இருந்ததுதான் அதிசயம். இங்க பாருங்க, பெயிண்ட்ல அச்சு விழுந்திருக்கு. இந்த இடத்துல யாரோ ஆப்பு வச்சிருக்காங்க."

"எனக்கு ஆப்பு வைக்கதுக்கு ஊர்ல ஆளா இல்ல?"

"அந்த ஆப்பு இல்ல அண்ணாச்சி. நெசமான ஆப்பு. எதையோ மடிச்சு இறுக்கிச் சொருகி இருந்திருக்கு. அது இருந்த மட்டும் மூடி ஆடல. அத எவனோ உருவியிருக்கான்."

எவனோ. வெல்டிங் நாளைக்குப் பார்க்கலாம் என்று காரை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

பத்தொன்பது நாள். பீடிங், வாஷர், ஸ்பாஞ்ச், எட்டுப் பாக்கெட் எம்சீல். காது உள்ளவன் என்று பெருமை வேறு.

ஜனவரி 31, சனி

ஆவுடை மைதானத்துக்குப் போனபின் டூல்ஸ் டப்பாவைக் கவிழ்த்தேன். பால் கவர் அடியில் இருந்தது. பிரித்தேன்.

உள்ளே கோடு போட்ட நோட்டுத் தாள் நாலு, எட்டாக மடித்து. ஆவுடை எழுத்து. செருகிய புண்ணியவான் அவள்தான். மேலே "முதல் நாள் பேச" என்று எழுதி அடித்திருந்தது. அதன் கீழே "இரண்டாம் நாள் பேச". அதுவும் அடித்திருந்தது. மூன்றாம் நாள், நான்காம் நாள் என்று வரிசையாக எழுதி எழுதி அடித்திருந்தாள். "ஒன்பதாம் நாள் பேச" என்பதற்கு மேல் மட்டும் கோடு அழுத்தமாக விழுந்து தாள் கிழிந்திருந்தது.

கீழே இப்படி ஆரம்பிக்கிறது:

"வணக்கம். ஆவுடைநாயகி என்று சொன்னால் உங்களுக்கு என்னைத் தெரியாது. நான் வண்டி டீச்சர். உங்களில் பாதிப் பேர் கீழே விழுந்ததை நான் பார்த்திருக்கிறேன். எழுந்ததையும் பார்த்திருக்கிறேன். அதனால் எனக்கு உங்களிடம் கூச்சம் இல்லை. நேராக விஷயத்துக்கு வருகிறேன்."

பிறகு விஷயம். காலை பதினோரு மணிக்குக் குடிதண்ணீர் திறந்துவிட்டால் வேலைக்குப் போகிற எந்தப் பெண் பிடிப்பாள்? நூலக முக்கில் விளக்கு எரியாததால் டியூஷன் பிள்ளைகள் எந்த வழி சுற்றிப் போகிறார்கள்? சந்தையில் அறுபது பெண்கள் கடை போடுகிறார்கள், ஒரு கழிப்பறை இல்லை, அதனால் அவர்கள் காலையிலிருந்து தண்ணீரே குடிப்பதில்லை. ஒவ்வொன்றுக்கும் யாரைப் பார்க்க வேண்டும், எந்த மாதத்துக்குள் முடிக்கலாம் என்று எழுதியிருந்தாள். ஒரு இடத்தில் அடைப்புக்குறிக்குள் "இங்கே சிரிப்பார்கள், நிறுத்தவும்" என்று இருந்தது.

நான் அந்த ஒன்பது நாளும் பேசியது இது எதுவும் இல்லை. குற்றாலிங்கத்தின் துணைவியார், உங்கள் வீட்டு மருமகள், அன்னையே வருக, பெட்டி பெட்டி பெட்டி.

ஒருமுறை, நாலாவது நாளோ ஐந்தாவது நாளோ, மேலேயிருந்து கையை நீட்டினாள். மைக்கைக் கேட்டிருக்கிறாள். தண்ணீர் கேட்கிறாள் என்று நினைத்து பாட்டிலைக் கொடுத்தேன். குடித்தாள்.

மதியம் பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டேன். வெயில் என்று சொல்லிவிட்டேன்.

பிப்ரவரி 1, ஞாயிறு

காலையில் மாகாளி பட்டறையைத் திறந்து வைத்திருந்தான். மூடியைப் போட்டு நாலு போல்ட்டையும் முடுக்கினான். தாளைப் பழையபடி எட்டாக மடித்து, பால் கவரில் வைத்து, அந்த அச்சு விழுந்த இடத்தில் செருகி, மரச்சுத்தியலால் இரண்டு தட்டுத் தட்டினேன். பைபாஸில் ஏற்றி அறுபதில் விட்டேன். மூச்சுச் சத்தம் இல்லை. மூன்று நாள்தான் மிச்சம், வேறு என்ன செய்யச் சொல்கிறீர்கள்? சத்தம் நிற்க வேண்டும் என்றாள், நிறுத்திவிட்டேன். இதை யாரிடம் விளக்கிக்கொண்டிருக்கிறேன் என்று தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து ஆரன் அடித்தேன். "ஏறு. வந்து கேளு" என்றேன். பின் சீட்டில் ஏறினாள். வேகத்தடை, மேடு பள்ளம் எல்லாவற்றிலும் ஏற்றி இறக்கினேன்.

"கேட்டியா? நின்னுட்டு பாத்தியா?"

கண்ணாடியில் பார்த்தேன். அண்ணாந்து அந்தப் பால் கவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நீல எழுத்தில் பாதி வெளியே தெரிந்தது.

"இது எங்க கெடந்துச்சு?"

"டூல்ஸ் டப்பால. நான்தான் தெரியாம உருவிப் போட்டுட்டேன்."

"பிரிச்சுப் பாத்தீங்களா?"

பொய் சொல்லியிருக்கலாம். "பாத்தேன்" என்றேன்.

"படிச்சீங்களா?"

"படிச்சேன்."

"படிச்சுட்டா திரும்பச் சொருகுனீங்க?"

கார் ஓடிக்கொண்டிருந்தது. டாப்பு சத்தம் போடாதா என்று முதல்முறையாக ஏங்கினேன்.

வீட்டு வாசலில் இறங்கும்போது சொன்னாள். "நான் சொன்னது டாப்புச் சத்தத்த இல்லீங்க."

பிப்ரவரி 2, திங்கள்

சாப்பாடு மூடி வைத்திருந்தது. ஆள் மைதானத்தில்.

பிப்ரவரி 3, செவ்வாய்

இரண்டு நாளாக இந்தப் பக்கத்தை எழுதுவதும் நிறுத்துவதுமாக இருக்கிறேன். எழுதிவிடுகிறேன்.

பட்டப்பெயர் போடக் கூடாது என்று ஒரு விதியும் இல்லை. யாரும் அப்படிச் சொல்லவும் இல்லை. போன முறை மனுவில் ஆவுடை தன் கையால் "ஆவுடைநாயகி என்கிற வண்டி டீச்சர்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். கொண்டுபோய்க் கொடுத்தவன் நான். கொடுப்பதற்கு முன்னால் அலுவலக வாசலில், வேப்பமரத்தடியில், பைக் சீட்டில் தாளை வைத்து, "என்கிற வண்டி டீச்சர்" என்பதை அடித்தேன். "கணவர் குற்றாலிங்கம்" என்று எழுதினேன். என் பெயர் இருந்தால் நாலு ஓட்டு கூடும் என்று நினைத்தேன். அது ஒரு காரணம். இருநூறு பேர் அவளை ஒரு பெயரால் கூப்பிடுகிறார்கள், அதில் நான் எங்கேயும் இல்லை. அது இன்னொரு காரணம். இதுதான் பெரிய காரணம்.

சாயங்காலம் அவள் துணி மடித்துக்கொண்டிருந்தபோது சொன்னேன். நின்றுகொண்டே சொன்னேன். மைக்கில் பத்தாயிரம் பேருக்கு முன்னால் பேசியவனுக்கு நாலு வாக்கியம் வரவில்லை. "என்கிற அடிச்சது நான்தான்" என்று வந்தது. அதற்குமேல் இல்லை.

கையில் இருந்த போர்வையை மடித்து முடித்தாள்.

"தெரியும்."

"எப்பிடி?"

"மனுவோட நகல் வேட்பாளருக்கும் குடுப்பாங்க. அஞ்சு வருசமா பீரோவுலதான் இருக்கு. சேலைக்கு அடில."

"கேட்டிருக்கலாம்லா ஆவுடை. ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்லா."

"நீங்களா சொல்லுவீங்கன்னு பாத்தேன். நீங்க ஏழு ஓட்டு, ஏழு ஓட்டுன்னு ஊரையே திட்டிக்கிட்டிருந்தீங்க. நடுவுல நான் எங்க கேக்க?"

வழக்கமாக இந்த இடத்தில் என்னிடம் ஒரு பதில் இருக்கும். ஏதாவது ஒன்று. வாயைத் திறந்தேன், மூடிக்கொண்டேன். வெட்கமாக இருந்தது. தெருவில் ஐஸ்காரன் மணி அடித்துக்கொண்டு போனான். நாங்கள் இரண்டு பேரும் அது முக்குத் திரும்பும் வரை கேட்டுக்கொண்டிருந்தோம்.

"ம்ம்" என்றாள். "இப்பத்தான் நின்னிருக்கு."

பிப்ரவரி 4, புதன்

கடைசி நாள். பத்து மணிக்குப் புடவை மாற்றிக்கொண்டு வந்தாள். கையில் ஃபைல். மனு எப்போது வாங்கினாள், எப்போது நிரப்பினாள், ஒன்றும் தெரியாது. முன்மொழிந்தவர் இடத்தில் ஜெபமணி கையெழுத்து. நான் கேட்பதற்கு முன் முதல் பக்கத்தைக் காட்டினாள்.

ஆவுடைநாயகி என்கிற வண்டி டீச்சர்.

"என்கிற"வை மட்டும் கொஞ்சம் பெரிதாக எழுதியிருந்தாள். வேண்டுமென்றே செய்த மாதிரிதான் தெரிகிறது.

"பேனா இருக்கா?" என்றேன், பேச்சுக்கு.

"உங்க பேனாவ வீட்டுலயே வச்சுட்டு வாங்க."

ஐந்து வருஷம் கழித்துக் கேலி. எனக்கு அழுகை வந்துவிட்டது. ஸ்டியரிங்கைத் துடைக்கிற மாதிரி குனிந்துகொண்டேன். அவள் உள்ளே போனாள், நான் வேப்பமரத்தடியில் காத்திருந்தேன். ஒன்றரை மணி நேரம். யாரோடும் பேசவில்லை. தெரிந்தவர்கள் நாலு பேர் உடம்பு சரியில்லையா என்று கேட்டார்கள்.

பிப்ரவரி 6, வெள்ளி

காரை மாகாளியிடம் கொண்டுபோகச் சொன்னது ஆவுடைதான். அவளும் வந்தாள். பால் கவரை உருவிக் கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

"என்ன மைனி செய்யணும்? வெல்டிங்கா?"

"மூடியக் கழட்டிருங்க. வேண்டாம்."

"மழை வந்தா?"

"தை கடைசில என்ன மழை? வந்தா நனையுதேன்."

மாகாளி என்னைப் பார்த்தான். நான் ஸ்பானரை எடுத்துக் கொடுத்தேன். நாலு போல்ட், ஐந்து நிமிடம்.

"நானும் யோசிச்சிருக்கணும் அண்ணாச்சி" என்றான், மூடியைச் சுவரில் சாய்த்துக்கொண்டே. "மூடி இருந்தாத்தான சத்தம் வரும்."

இருபத்தாறு நாள் நான் பட்ட பாட்டை எழுதினால் இந்த டைரி போதாது. வரும் வழியில் தலையில் வெயில் விழுந்தது. அறுபதில் போனேன். காற்று மட்டும் கேட்டது.

பிப்ரவரி 9, திங்கள்

பிரச்சாரம் முதல் நாள். சின்னம் வாளி. பக்கத்தில் குடம் இருக்கிறது. போகட்டும், இந்த முறை பெயர் இருக்கிறது.

டிரைவர் வேண்டாம் என்றாள், நான்தான் ஓட்ட வேண்டுமாம். குழாய் ஸ்பீக்கர் ஒன்றே ஒன்று. மைக் வயரை முன் சீட்டிலிருந்து பின்னால் இழுத்து, மைக்கை மேலே அவள் கைக்குக் கொடுத்தேன். கிளம்புவதற்கு முன் ஓட்டை வழியாகக் குனிந்து சொன்னாள்.

"கவனமா கேளுங்க. டாப்புல ஒரு தட்டு தட்டுனா போங்க. ரெண்டு தட்டு தட்டுனா நிப்பாட்டுங்க."

"சேலைய இழுத்து சைக காட்டதுக்கு ஆளு?"

"இழுங்க பாப்போம்."

முதல் தெருவில் குரல் நடுங்கியது. ஆம்ப்ளிஃபயரில் பாஸ் குமிழைத் திருகிக் கனத்த ஒலியைக் குறைத்து வைத்தேன், தெளிவாக வந்தது. அது ஒன்றுதான் நான் செய்தது. "உங்களில் பாதிப் பேர் கீழே விழுந்ததை நான் பார்த்திருக்கிறேன்" என்றதும் வாசல்களில் சிரிப்பு. நிறுத்தினாள். சிரிப்பு அடங்கியபின் தொடர்ந்தாள். அந்தத் தாளில் எழுதியிருந்தபடியே.

நூலக முக்குத் திரும்பும்போது கண்ணாடியில் பார்த்தேன். பின்னால் ஜெபமணி ஸ்கூட்டரில் வந்துகொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் இன்னொன்று. எண்ணினேன், பதினெட்டு. சந்தையைத் தாண்டும்போது முப்பதுக்கு மேல் இருக்கும். யாரும் கூப்பிடவில்லை, அவர்களாக வந்து சேர்ந்துகொண்டார்கள். வண்டி டீச்சர், வண்டி டீச்சர் என்று தெருப் பிள்ளைகள் கத்துகின்றன. கேட்கக் கேட்க அந்தப் பெயர் அப்படி ஒன்றும் மோசமாக இல்லை.

நாலாவது தெருவில், போன முறை எங்களைக் கவிழ்த்தது இந்தத் தெருதான் என்று நான் ஐந்து வருஷம் திட்டிய தெருவில், அவள் தண்ணீர் விஷயம் பேசிக்கொண்டிருந்தாள். ஒரு புள்ளிவிவரம் எனக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது. வாய் துறுதுறுத்தது. தலையை வெளியே நீட்டி ஒரு வரி, ஒரே ஒரு வரி சொல்லலாம் என்று கண்ணாடியை இறக்கிவிட்டேன்.

டாப்பில் இரண்டு தட்டு விழுந்தது. கார் ஏற்கெனவே நின்றுகொண்டுதான் இருந்தது.

கண்ணாடியை ஏற்றிக்கொண்டேன்.